ஓட்டம் இறங்கிய பிள்ளைகள்

செங்கணான்பட்டியில் பிள்ளைகளின் ஓட்டம் அவர்களைவிட்டு இறங்கிப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மணிக்குப் பிந்திய முதல் பீரியடில், ஐந்தாம் வகுப்புக்கு விளையாட்டு என்று கால அட்டவணையில் எழுதியிருந்த நேரத்தில், கணக்கு டீச்சர் கரும்பலகையில் பின்னங்களை எழுதிக்கொண்டிருந்தபோது. அன்று மழையும் இல்லை, இடியும் இல்லை, கிரகணமும் இல்லை, வானத்தில் ஒரு காக்கை போனது, அதுவும் வழக்கமாகப் போகிற காக்கைதான்.

ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது. எந்த வகுப்பை இப்படி அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள் என்று டீச்சர் எட்டிப் பார்த்தார். மைதானத்தில் ஒரு தலை இல்லை. ஆனால் புழுதி கிளம்பியது, வாகை மரத்தைச் சுற்றி வந்தது, மணலில் சின்னச் சின்னப் பாதங்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு விழுந்தன, குதித்த இடத்தில் ஆழமாகவும் திரும்பிய இடத்தில் சறுக்கலாகவும் விழுந்தன. டீச்சர் திரும்பி வகுப்பைப் பார்த்தார். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பெஞ்சுக்கு அடியில் ஒரு கால்கூட ஆடவில்லை. இத்தனை வருட வேலையில் இப்படியொரு வகுப்பு தனக்கு வாய்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டு, அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு அடுத்த கணக்கை எழுதினார்.

விளையாட்டு பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வது எல்லா ஊரிலும் உள்ளதுதான். மற்ற ஊர்களில் அது திருட்டு மாதிரி நடக்கும், டீச்சர் சிரித்துக்கொண்டே உள்ளே வருவார், பிள்ளைகள் முனகுவார்கள், அத்தோடு முடியும். செங்கணான்பட்டியில் மட்டும் பெற்றோரே கூட்டம் போட்டு, கைதூக்கி, தீர்மானமாகவே நிறைவேற்றிக் கொடுத்தார்கள். இனிமேல் எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டு நேரம் வேண்டாம், அந்த நேரத்திலும் உட்காரவையுங்கள் என்று கேட்டு வாங்கினார்கள். அதற்குக் காரணம் இருந்தது. அங்கே கைதூக்கிய அத்தனை பேரும் ஒரு காலத்தில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன பிள்ளைகள். படிப்பு தவறினால் பிள்ளை மறுபடியும் அந்த வாசலில்தான் போய் நிற்கும் என்ற பயம் அவர்கள் வயிற்றில் கந்தகம் மாதிரி இருந்தது, லேசாக உரசினாலும் பற்றிக்கொள்ளும். முதலில் கைதூக்கியவள் மாடத்தி. எந்தக் கூட்டம் ஆனாலும் முதல் கை அவளுடையதுதான், அது பழக்கம்.

மாடத்தி அந்த ஆபீஸில் பெட்டி அடைக்கிறவள். தொழிற்சாலை என்று ஊரில் யாரும் சொல்வதில்லை, ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள், ஏதோ நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்து வேலை வாங்கின மாதிரி. அவள் சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் கோழி கூவும் முன்னால் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும், தூங்குகிற பிள்ளைகளைத் தூக்கத்தோடு அள்ளிப் போட்டுக்கொண்டு போகும், அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்து இருட்டும்வரை கட்டையில் குச்சி அடுக்குவார்கள், விரல்கள் ஓடும், கால்கள் மடங்கியே இருக்கும். மாடத்தியின் கால்கள் மடங்கியபடியேதான் வளர்ந்தன. இன்றைக்கும் அவள் நடந்தால் தரையிலிருந்து அப்போதுதான் எழுந்தவள் மாதிரித்தான் இருக்கும். பிறகு சங்கம் வந்தது, துண்டறிக்கை வந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் எழுத்து படித்தவள் அல்ல, ஆபீஸ் வாசலில் கொடுத்த துண்டறிக்கைகளில் படித்தவள். அம்மா ஆடு என்று தொடங்காமல் அடிமைத்தனம், அடக்குமுறை என்று தொடங்கினாள். பிள்ளைகளை ஏற்ற வந்த பஸ்ஸை மறித்தவர்களில் அவளும் ஒருத்தி. அந்தப் போராட்டத்தையும் அவள் உட்கார்ந்துதான் செய்தாள், சக்கரத்துக்கு முன்னால், சம்மணம் போட்டு. போலீஸ்காரர்கள் மற்றவர்களை விரட்டினார்கள், அவளைத் தூக்கித்தான் போட வேண்டியிருந்தது. பஸ் நின்றது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். சரித்திரத்தில் நாங்கள் ஜெயித்த ஒரே இடம் அதுதான் என்று செங்கணான்பட்டியில் இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், எண்ணிக்கைதான் குறைந்துவிட்டது.

புருஷன் லாரியோடு வடக்கே போனவன், லாரி மட்டும் திரும்பி வந்தது. மிச்சம் இருந்தது மகள் செவ்வந்தி. அந்தப் பிள்ளைக்கு நடை வந்த மறுநாளே ஓட்டம் வந்துவிட்டது. எண்ணெய்ச் சட்டி காய்வதற்குள் கடைக்குப் போய்க் கடுகு வாங்கி வந்துவிடும், போகும்போது ஒரு நாயையும் வரும்போது இரண்டு நாய்களையும் கூட்டிக்கொண்டு வரும். அதன் ஓட்டத்துக்கென்று ஒரு தாளம் உண்டு. இடதுகால் ஒரு இம்மி பிந்தி விழும், தெருச் சாக்கடைகளைத் தாண்டித் தாண்டிப் பழகியதால் சமதரையிலும் நடுநடுவே ஒரு துள்ளல் வரும். அடுப்படியில் இருந்துகொண்டே, பத்துப் பிள்ளைகள் ஓடினாலும் அதில் தன் பிள்ளை எது என்று மாடத்தி சொல்லிவிடுவாள். அவளுக்கு உலகத்தில் ஒரு ஆசைதான் இருந்தது. என் கால் படிக்காததை என் மகள் கால் படிக்கட்டும், இவள் ஓடட்டும், யாரும் இவளைப் பிடித்து உட்காரவைக்காமல் இருக்கட்டும். இந்த ஆசையை வைத்துக்கொண்டா அந்தத் தீர்மானத்துக்குக் கைதூக்கினாள் என்றால், ஆமாம், தூக்கினாள். ஓட்டம் என்பது தலைமுடி மாதிரி பிள்ளையோடு பிறந்தது, கவனிக்காவிட்டாலும் கூடவே இருக்கும் என்று நினைத்தாள். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அன்று சாயங்கால மணி அடித்து ஐந்தாம் வகுப்பு வெளியே வந்தபோது பள்ளிக்கூட வாசலில் வழக்கமாக நடக்கிற பிரளயம் நடக்கவில்லை. பிள்ளைகள் வரிசையாக, இடதுபுறமாக, ஒருவர் பின் ஒருவராக நடந்து வந்தார்கள். ஆட்டோக்காரர் தன் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், இடிக்க யாரும் வராததால் கையை எடுத்துவிட்டார். செவ்வந்தி வீட்டுக்கு நடந்து வந்து, செருப்பை ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"கடைக்குப் போயிட்டு வா தாயி, ஒரு எட்டுல."

"போறேம்மா," என்று சொல்லிவிட்டு செவ்வந்தி போனாள். எண்ணெய் காய்ந்து, புகைந்து, மாடத்தி சட்டியை இறக்கி வைத்த பிறகு வந்தாள்.

ஓடச் சொன்னால் நின்றாள். வலிக்குதா என்றால் இல்லை என்றாள். காலைத் தூக்கச் சொன்னால் தூக்கினாள், மடக்கச் சொன்னால் மடக்கினாள், ஓடச் சொன்னால் மட்டும் அந்த வார்த்தை வேறு யாருக்கோ சொன்னது மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்த வாரத்துக்குள் பள்ளிக்கூடத்தின் அத்தனை வகுப்பிலும் இப்படியே ஆனது. எந்த வகுப்புக்கு விளையாட்டு நேரம் வந்ததோ, அந்த நேரத்தில் அந்த வகுப்பின் ஓட்டம் ஜன்னல் வழியாக இறங்கி மைதானத்துக்குப் போய்விட்டது, பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

ஊர் முதலில் பயந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், டாக்டர் முழங்காலில் தட்டிப் பார்த்தார், முழங்கால் ஒழுங்காகத் துள்ளியது, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். கோடாங்கி உடுக்கு அடித்து, மைதானத்தில் ஒரு முனி பசியோடு இருக்கிறது என்றார். சேவல் அறுத்துப் பொங்கல் வைத்தார்கள், ஓட்டங்கள் அடுப்பைத் தாண்டித் தாண்டி விளையாடின, பொங்கல் பானையில் மண் விழுந்தது. பிறகு பரீட்சை வந்தது. அந்த வட்டாரத்திலேயே அதிக மார்க் எடுத்த பள்ளிக்கூடம் செங்கணான்பட்டிப் பள்ளிக்கூடம் என்று வந்ததும் பயம் ஒரே நாளில் பெருமையாகிவிட்டது. முட்டி பெயர்வதில்லை, சட்டை கிழிவதில்லை, ஆளைக் காணோம் என்று தெருத்தெருவாகத் தேட வேண்டியதில்லை, வைத்த இடத்தில் பிள்ளை இருக்கிறது, இதைவிட ஒரு தாய்க்கு என்ன வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து பெற்றவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கரஸ்பாண்டன்ட் தனுஷ்கோடி, பள்ளிக்கூடத்தின் முதலாளி, வாசலில் புதுப் பலகை மாட்டினார். "இங்கு மாணவர்கள் அமர்வார்கள்" என்று அதில் எழுதியிருந்தது. கூட்டி வந்த பிள்ளையை விளையாட்டு நேரத்தில் ஒரு கணக்கு வகுப்பில் உட்காரவைத்தால் போதும், மணி அடிப்பதற்குள் ஓட்டம் இறங்கிவிடும். கயிறு அவிழ்த்துவிட்ட ஆட்டுக்குட்டி மாதிரி ஒருமுறை ஜன்னலில் நின்று திரும்பிப் பார்க்கும் என்று சொல்வார்கள், பிறகு குதித்துவிடும்.

மைதானத்துக்கும் ஊர் பழகிவிட்டது. அந்தப் பக்கத்து வீடுகளில் மொட்டைமாடியில் வற்றல் காயப்போடுவதை நிறுத்தினார்கள். அவித்த கடலை விற்கிறவர் வண்டியை மைதானச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். பிள்ளையில்லாத தம்பதிகள் வெள்ளிக்கிழமைகளில் வந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போனார்கள். தெருநாய்கள்தான் கொடுத்துவைத்தவை, பகல் முழுக்க ஓட்டங்களோடு ஓடி, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிழலில் விழுந்து கிடந்தன.

பள்ளிக்கூடத்தில் அருள்தாஸ் என்று ஒரு பி.டி. மாஸ்டர் இருந்தார். விளையாட்டு நேரம் போன பிறகு மணி அடிப்பதும், டீச்சர்களுக்கு டீ வாங்கி வருவதும், காலைப் பிரார்த்தனையில் 'நேராக நில்' சொல்வதும்தான் அவர் வேலை. அவர் ஒருநாள் யாரும் பார்க்காத நேரம் மைதானத்துக்குள் போய் விசில் ஊதினார். ஓட்டங்கள் நின்றன. இன்னொரு தரம் ஊதினார். பாதங்கள் வரிசையாக மணலில் பதிந்து நின்றன. அன்றிலிருந்து அவர் தினமும் அவற்றுக்கு வகுப்பு எடுத்தார், ஒற்றைக்காலில் தாவவும், வளைந்து ஓடவும், சட்டென்று நின்று திரும்பவும் சொல்லிக் கொடுத்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு முழுசாகக் கிடைத்த வகுப்பு அதுதான்.

மாடத்தி ஆபீஸ் விட்டு வரும்போது தினமும் அந்தச் சுவரோரமாக நின்று கேட்பாள். கூட்டத்துக்குள்ளே இடதுகால் பிந்தும் அந்தத் தாளம் அவள் காதில் விழும். இருக்கிறது, போகவில்லை, என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். வீட்டில் செவ்வந்தி படித்துக்கொண்டிருப்பாள். அவள் முகம் உப்பி வெளுத்திருந்தது. ஏதாவது தூக்கிப் போட்டால் பிடிக்க மாட்டாள், அது மேலே விழுந்த பிறகுதான் கையைத் தூக்குவாள்.

அடுத்த வீட்டுப் பொன்னுத்தாய் அவளோடு ஆபீஸில் வேலை பார்ப்பவள்.

"நீ ஏன் மதினி அந்தச் செவுத்துக்கிட்டப் போய் நிக்கே? பேய் ஓடுறத ஒட்டுக் கேக்கப் போறன்னு ஆபீஸ்ல சிரிக்காளுக."

"பேயா? அதுல ஒம்மக கனியும் ஓடுறாடி. தொம்முதொம்முன்னு ஒரு ஓட்டம் கேக்கும் பாரு, அது அவதான்."

"ஓடட்டும், ஓடட்டும். வீட்டுல இருக்கிறவ தொண்ணூத்தெட்டு எடுத்திருக்கா. ரெண்டு மார்க்கு எங்க போச்சுன்னு கேட்டுக்கிட்டிருக்கேன் நானு."

அந்தக் கனியம்மாள் ஒரு சனிக்கிழமை தாய்க்குச் சோறு கொண்டு வந்தாள். தூக்குவாளியோடு ஆபீஸுக்குள் நுழைந்து, பெட்டி அடைக்கும் கொட்டகைக்கு வரும் வழியில் குச்சிக்கு மருந்து முக்கும் அறையில் தீப்பிடித்தது. தீப்பெட்டி ஆபீஸில் தீ என்பது எதிர்பாராத விருந்தாளி அல்ல. எந்தக் கதவு, எந்தச் சந்து, எந்தச் சுவர் என்று அங்கே வேலை பார்க்கும் ஒவ்வொருவர் காலுக்கும் தெரியும், கால் மடங்கிய மாடத்திகூட சுவரைப் பிடித்துக்கொண்டு தவ்வித் தவ்வி வெளியே வந்துவிட்டாள். எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு திரும்பிப் பார்த்தால் புகைக்குள்ளே கனியம்மாள் நடந்து வந்துகொண்டிருந்தாள். இடதுபுறமாக, கையை ஆட்டாமல், வாளியைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு, மணி அடித்ததும் வகுப்பைவிட்டு வெளியே வருவது மாதிரி வந்தாள்.

"ஓடியாடி, ஏ கனி, ஓடியாடி," என்று பொன்னுத்தாய் கத்தினாள்.

"வாரேம்மா," என்றாள் கனியம்மாள். "வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

உள்ளே போகப் பார்த்த பொன்னுத்தாயை நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். கூரை அதற்குள் இறங்கிவிட்டது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைக்கு மௌன அஞ்சலி நடந்தது. எல்லாப் பிள்ளைகளும் வெயிலில் நின்றார்கள், ஒரு பிள்ளை தலையைச் சொறியவில்லை, ஒரு பிள்ளை கால் மாற்றி நிற்கவில்லை. வந்திருந்த கல்வி அதிகாரி, இப்படியொரு கட்டுப்பாட்டை நான் எங்கும் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் எதற்காகத் துடைத்தார் என்பதை ஊர் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தொம்முதொம்மென்று ஓடிக்கொண்டிருந்த ஒரு ஓட்டம் அன்று மத்தியானத்தோடு ஓய்ந்தது. அதைக் கவனித்தவர்கள் இரண்டே பேர், அருள்தாஸும் மாடத்தியும்.

அதன் பிறகு மாடத்திக்குத் தூக்கம் இல்லை. அவள் போராட்டம் தெரிந்தவள், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தெரியும், சங்கத்துக்குப் போனாள். சங்கக் கட்டிடத்தின் கீழ்த்தளம் செல்போன் கடையாகியிருந்தது, மாடியில் செயலாளர் வேலாண்டி ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் பஸ் மறியலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அடி வாங்கினவர்.

"சரி தோழர், செய்வோம்," என்றார் வேலாண்டி. "ஆனா இது யாருக்கு எதிரான போராட்டம்? மொதலாளி பிடுங்கலையே. நாமதான குடுத்தோம்."

"குடுத்தத் திருப்பிக் கேக்கிறதுக்குப் பேரு போராட்டம் இல்லையா தோழர்?"

"அதுக்குப் பேரு புத்தி வந்ததுன்னு சொல்லுவாங்க. அதுக்கெல்லாம் கொடி புடிச்சு யாரும் வரமாட்டாங்க. எம்பேரனே அங்கதான் படிக்கான், நல்லாத்தான் உக்காந்திருக்கான்."

அவளே ஒரு துண்டறிக்கை எழுதினாள். 'தாய்மார்களே, குச்சி அடுக்க உட்கார்ந்த நாம் கணக்குப் போட உட்கார்கிற பிள்ளைகளைப் பெற்றோம், கட்டை மாறியது, சம்மணம் மாறவில்லை' என்று எழுதி, அச்சகத்தில் கொடுத்து அடித்து, பள்ளிக்கூட வாசலில் நின்று கொடுத்தாள். எல்லோரும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் சுவரோரத்துக் கடலை வண்டியில் அவள் துண்டறிக்கையில்தான் கடலை மடித்துக் கொடுத்தார்கள். படிக்காமல் கசக்கிப் போட்டிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது, படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் மடித்தார்கள்.

கரஸ்பாண்டன்ட்டிடமும் போனாள். தனுஷ்கோடி கெட்ட மனிதர் அல்ல, எழுந்து நின்று வரவேற்றார்.

"மாடத்தியம்மா, தீர்மானத்துக்கு மொதல் கை யாரு தூக்குனது? ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அந்தக் கைதான் இப்பக் கேக்குது."

"நானும் ஒங்க ஆபீஸ்ல கட்டை அடுக்குன கைதான். நம்ம புள்ளைக ஓடி எங்க போகப் போகுது சொல்லுங்க? ஒக்காந்தவன்தான் இந்த நாட்டுல ஆபீசராகியிருக்கான். நின்னவன் அவனுக்குக் கதவைத் தொறந்துவிடுறான். ஓடுறவன் அவனுக்கு டீ வாங்க ஓடுறான்." சொல்லிவிட்டு, கொஞ்சம் வருத்தத்தோடு இன்னொன்றும் சொன்னார். "அந்த எடத்துல பரீட்சைக் கூடம் கட்டப் போறோம். ஆயிரம் புள்ளைக ஒரே நேரத்துல ஒக்காரலாம். ஏசி போடுறோம்."

அந்த ஓட்டங்கள் எங்கே போகும் என்று அவள் கேட்டாள். அதைப் பற்றி எஞ்சினியர் ஒன்றும் சொல்லவில்லையே என்றார் தனுஷ்கோடி, உண்மையாகவே யோசித்துவிட்டு.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள், ஓட்டங்கள் ஒதுங்கின. தூண் எழுப்பினார்கள், தூண்களைச் சுற்றி வளைந்து ஓடின, அருள்தாஸ் அதையும் ஒரு பயிற்சியாக்கிவிட்டார். கடைசியில் தரைக்கு கான்கிரீட் போட நாள் குறித்தார்கள். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, அருள்தாஸ் மாடத்தி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நாளைக்குத் தரையை மூடிருவாங்கம்மா. புள்ளையக் கூட்டிட்டு இன்னைக்கே வாங்க. ஒரு வழி இருக்கு. நான் பாத்திருக்கேன். தச்சாசாரி மகன் ஒருத்தன் பட்டத்தை எடுக்க செவுரு ஏறிக் குதிச்சான், அவன் ஓட்டம் அவனுக்கு நேரா வந்து நின்னுச்சு. பட்டத்தைப் பாத்து ஆசையா ஒரு எட்டு வச்சான், ஏறிக்கிச்சு. பட்டத்தோட ஓடுனான்."

"அப்புறம்?"

"மறுநா கணக்கு வகுப்புல திரும்பவும் எறங்கிருச்சு. அது வேற. ஆனா ஏறும். புள்ள தானா ஆசப்பட்டு ஒரு எட்டு வைக்கணும், அவ்வளவுதான். நாம தள்ளிவிட்டா ஏறாது. தள்ளிப் பாத்துட்டேன்."

மாடத்தி மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். போகும் வழியில் ஏழெட்டு வீடுகளில் நின்று கூப்பிட்டாள், திங்கட்கிழமை டெஸ்ட் இருக்கிறது என்றார்கள். பொன்னுத்தாய் கதவைத் திறந்து, எனக்கு யார் இருக்கா மதினி கூட்டிட்டு வர, என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டாள்.

தூண்களுக்கு நடுவே, கம்பி கட்டாமல் விட்டிருந்த கொஞ்ச மணலில் அருள்தாஸ் விசில் ஊதினார். பாதங்கள் வந்து வரிசையில் நின்றன. "ஐந்தாம் வகுப்பு, செவ்வந்தி," என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வரிசையிலிருந்து ஒன்று கிளம்பி வந்தது. இடதுகால் ஒரு இம்மி பிந்தி விழுந்தது, நடுவில் ஒரு துள்ளல் வந்தது. மாடத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். செவ்வந்திக்கு முன்னால் வந்து அது நின்றது, நிற்க முடியாமல் நின்ற இடத்திலேயே மாறி மாறிக் குதித்தது, மணலில் இரண்டு சின்னப் பள்ளங்கள் ஆழமாகிக்கொண்டே போயின.

செவ்வந்தி குனிந்து பார்த்தாள்.

"இது என்னம்மா பண்ணும்?"

"ஓடும் தாயி. ஒன்னோடதுதான். ஒரு எட்டு வையி."

"எங்க ஓடும்?"

"எங்கயும் இல்ல. சும்மா ஓடும்."

"சும்மா எதுக்கு ஓடணும்?"

மாடத்தி எத்தனையோ மேடைகளில் பேசியவள், முதலாளிகளுக்கும் தாசில்தார்களுக்கும் வாயடைக்கப் பதில் சொன்னவள். ஆனால் அவளே ஓடியதில்லை. ஓடினால் எப்படி இருக்கும் என்று அவள் எப்படிச் சொல்வாள்.

"கனியை நெனச்சுப் பாரு," என்றாள் கடைசியில். "ஓடத் தெரிஞ்சிருந்தா அந்தப் புள்ள வந்திருக்கும்ல."

செவ்வந்தி அதை யோசித்தாள், கணக்கை யோசிப்பது மாதிரி பொறுமையாக யோசித்தாள். "நான் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போக மாட்டேனேம்மா. அதுக்குத்தான படிக்கேன்."

அருள்தாஸ் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து உருட்டிவிட்டார். "ஓடிப் போயி எடு பாப்போம்," என்றார். செவ்வந்தி, "மார்க் உண்டா சார்?" என்று கேட்டாள். இல்லை என்றதும் பந்து உருண்டு போவதை, அது எங்கே நிற்கிறது என்பதுவரை பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஓடிக் காட்டினார், குதித்துக் காட்டினார், வயதான மனுஷன் மூச்சு வாங்க நொண்டியடித்துக் காட்டினார். "சாருக்கு வேர்க்குது," என்றாள் செவ்வந்தி. உச்சிவெயில் ஆனது. மணலில் அந்தக் குதிப்பு தளர ஆரம்பித்தது, வெகுநேரம் வாசலில் நின்றும் யாரும் கதவு திறக்காத பிச்சைக்காரன் மாதிரி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெதுவாக மாறியது. செவ்வந்தி நிழல் இருக்கிற தூணுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் முரண்டு பிடிக்கவில்லை. அவளுக்கு வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

மாடத்தி செருப்பைக் கழற்றினாள். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள்.

"வேணாம்மா, அது பத்து வயசுப் புள்ளையோட ஓட்டம்," என்றார் அருள்தாஸ். "ஒங்க முட்டி தாங்காது."

"நாளைக்கு அது மேல கான்கிரீட் போடுவாங்க. அது தாங்குமா?"

அந்தச் சின்னப் பள்ளங்களைப் பார்த்து, ஜென்மம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த ஆசையோடு, அவள் ஒரு எட்டு வைத்தாள். உள்ளங்காலில் சுள்ளென்று ஏறியது. அடுத்த கணம் தூண்கள் அவளைத் தாண்டிப் போயின. மடங்கியே வளர்ந்த கால்கள் நீண்டன, முட்டிக்குள் கண்ணாடி நொறுங்குவது மாதிரி வலித்தது, காற்று முகத்தில் அடித்தது, காற்று என்பது நாம் போய் மோதினால் நமக்கென்று ஒரு காற்றாக வரும் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது, மரத்தைச் சுற்றினாள், மணற்குவியலைத் தாண்டினாள், துள்ளல் வந்த இடத்தில் அவளுக்கே தெரியாமல் சிரித்தாள், வரிசையில் நின்ற மற்ற ஓட்டங்களெல்லாம் அவளோடு சேர்ந்துகொண்டன, நாய்கள் வந்துவிட்டன, புழுதி தூண் உயரத்துக்கு எழுந்தது. ஓடினால் எப்படி இருக்கும் என்று இப்போது மகளிடம் சொல்லலாம் என்று திரும்பிப் பார்த்தாள். செவ்வந்தி தூணில் சாய்ந்து, பையிலிருந்து புத்தகத்தை எடுத்து விரித்திருந்தாள்.

மறுநாள் கான்கிரீட் போட்டார்கள். பரீட்சைக் கூடத்தின் தரைக்கு அடியில் கொஞ்ச காலம் தடதடவென்று ஒரு சத்தம் இருந்தது, கவனம் சிதறுகிறது என்று மேற்பார்வையாளர்கள் புகார் சொன்னார்கள், மேலே கனமான டைல்ஸ் ஒட்டினார்கள், பிறகு சத்தம் குறைந்தது, ஒரு மழைக்காலத்தோடு நின்றது. மைதானம் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு பி.டி. மாஸ்டர் எதற்கு என்று அருள்தாஸை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாய்கள் சில நாள் கூடத்தின் வாசலில் படுத்திருந்துவிட்டு வேறு தெருவுக்குப் போயின.

மாடத்தி மட்டும் மகளின் ஓட்டத்தை வைத்திருக்கிறாள். ஓட்டத்தைச் சும்மா வைத்திருக்க முடியாது, ஓடாவிட்டால் அது செத்துப்போகும், அதனால் ஆபீஸ் விட்டு வந்ததும் சேலையைச் செருகிக்கொண்டு வீட்டுக்கும் கண்மாய்க்கரைக்கும் நடுவே ஓடுகிறாள். அது வளர்கிற ஓட்டம். பன்னிரண்டு வயதாகிவிட்டது அதற்கு, உயரம் தாண்டக் கேட்கிறது, சுவரேறக் கேட்கிறது, அவள் முட்டி இரண்டும் பானை மாதிரி வீங்கி, விடிய விடிய எண்ணெய் தேய்த்தால்தான் மறுநாள் ஆபீஸில் உட்கார முடிகிறது. இதற்கும் ஊர் பழகிவிட்டது. மாடத்தி ஓடுகிறாள், விளக்கேற்று என்று மருமகள்களுக்குச் சொல்கிறார்கள். பைத்தியம் என்றுகூட யாரும் சொல்வதில்லை.

ஓடிவிட்டு வந்து, சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, தினமும் அவள் மகளிடம் கேட்பாள்.

"தாயி, ஒன்னோடது பத்திரமா இருக்கு. வாங்கிக்கிறியா?"

"அப்புறமா வாங்கிக்கிறேம்மா," என்பாள் செவ்வந்தி. நல்ல பிள்ளை, எதிர்த்துப் பேசாத பிள்ளை. தாயின் முட்டிக்கு எண்ணெய் காய்ச்சி வைத்திருப்பாள்.

ஒருநாள் சாயங்காலம் அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, தானாகவே கூப்பிட்டாள். வாசலில் ஓடிக்கொண்டிருந்த மாடத்தி நின்றாள். அவள் காலுக்குள் இருந்ததும் நின்றது, கேட்டது.

"அம்மா, கொஞ்சம் தள்ளிப் போயி ஓடும்மா. சத்தமா இருக்கு. எனக்கு நாளைக்குப் பரீட்சை."

மாடத்தி தள்ளிப் போய் ஓடினாள்.